தூக்கத்தைப் பற்றி நான் எடுத்த பாடம்

கைப்பிள்ளைக்காரிக்கு வரும் தூக்கமே தனி. மற்றவர்களிடம் அது சொல்லிக்கொண்டு வரும். நாலு கொட்டாவி விடவைக்கும், கண்ணைச் சொருகவைக்கும், பாய் விரிக்கக் கொஞ்சம் அவகாசமும் கொடுக்கும். கைப்பிள்ளைக்காரியிடம் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அம்மியில் மிளகாய் அரைக்கும்போது வரும். கோயிலில் கைகூப்பி நிற்கும்போது வரும் (பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்). எனக்கு அது வந்த இடம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. எதிரே முப்பது பெண்பிள்ளைகள். கடைசி பெஞ்சில், எனக்கு மார்க் போடுவதற்கென்றே சென்னையிலிருந்து வந்திருந்த பரீட்சகர் அம்மாள். நான் நடத்திக்கொண்டிருந்த பாடம், தூக்கத்தின் அவசியம்.

சிரித்து முடியுங்கள், மேலே சொல்கிறேன்.

ஜெயமங்கலத்தில் பிறந்த நான் பி.ஏ. முடித்த கையோடு சின்னமனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பி.ஏ. படித்த மருமகள் என்றால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் புதிதாக வந்திறங்கிய ஆயில் இஞ்சின் மாதிரி. வந்து சுற்றிப் பார்ப்பார்கள். "தமிழ் பேசுமா?" என்றுகூட ஒரு அம்மாள் என் மாமியாரிடம் கேட்டாள். என் கணவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில், பி.ஏ.வுக்கு மேலே எல்.டி. என்று ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, அதை முடித்தால் ஹைஸ்கூல் ஆசிரியை ஆகலாம் என்று மெதுவாகச் சொன்னேன். "ஆசையிருந்தாப் படி" என்றார். அவர் பேசிய வசனங்களில் அது கொஞ்சம் நீளமான வகை.

சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன். பாதிப் படிப்பில் ஜப்பான் சண்டை வந்தது. பட்டணத்தின் மேல் குண்டு விழப்போகிறது என்று ஆளாளுக்கு மூட்டை கட்டினார்கள். கல்லூரியும் எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டது. நான் ஒண்டியாக வரவில்லை, வயிற்றில் ராசுவோடு வந்தேன் (தீபாவளி லீவுக்கு வந்துபோனதன் பலன்). ராசு பிறந்து, குப்புற விழுந்து, தவழத் தொடங்கியபோது கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. வெளியூர்ப் பெண்கள் அவரவர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்திப் பழகலாம். பரீட்சகர் அங்கேயே வந்து இரண்டு பாடம் பார்ப்பார். அதில் தேறினால்தான் எழுத்துப் பரீட்சை.

தேனிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. (பெயர் சொல்லமாட்டேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது.) வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை பரீட்சைக்குப் போகிறேன் என்று கேட்க எனக்கே வாய் வராது. கொடிக்கால் வீட்டில் வேலை என்றைக்கு ஓய்ந்தது? கிடைத்த ஒரே வாய்ப்பு இதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவுக்கும் நான் நிம்மதியாகப் படித்திருக்கலாம். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், தகவல் வந்த அன்றைக்கே சொன்னார்:

"ஆத்தா கமலம், ராத்திரிக்குப் பிள்ளைய எங்கிட்டப் போடு. பாலுக்கு மட்டும் கொண்டாந்து தாரேன். நீ படிச்சிட்டு ஒறங்கு."

தங்கமான வார்த்தை. இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'சரி அத்தை' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ராசுவுக்குப் பெயர் வைத்த அன்று, என் கணவரின் சித்தி சபையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விட்டிருந்தார். "படிச்சவ பெத்த பிள்ளைய ஊருதான் வளக்கணும்." அது என் காதுக்குள்ளேயே குடியிருந்தது. பிள்ளை வளர்ப்பிலும் முதல் மார்க், படிப்பிலும் முதல் மார்க் என்று வாங்கிக் காட்டாவிட்டால் நான் கமலம் இல்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"வேண்டாம் அத்தை. எம்பிள்ளைய நானே பாத்துக்கிருவேன்" என்றேன்.

அத்தையின் முகம் சுண்டிப்போனது. "சரித்தா. ஒம்பிள்ளை. நீயே பாத்துக்க."

அத்தையும் லேசுப்பட்டவர் இல்லை. பகலில் வேறு வழியில்லாததால், நான் பாடம் நடத்தப்போகும் நாட்களில் ராசுவைத் தூக்கிக்கொண்டு கூடவே பஸ்ஸில் வருவார், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பள்ளி விடும் மணி அடித்ததும், இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ராசுவை என் இடுப்பில் வைத்துவிடுவார். "இந்தா, ஒம்பிள்ளை." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஆக, குளிப்பாட்டுவது, துணி அலசுவது, இராத்திரி முழுக்கத் தொட்டில் ஆட்டுவது எல்லாம் நான். ஒரு கையில் தொட்டில் கயிறு, மறு கையில் குழந்தை மனவியல். குறித்த நேரத்தில் பாலும் குறித்த நேரத்தில் தூக்கமும் கொடுத்துப் பழக்கினால் குழந்தை கடிகாரம் மாதிரி ஓடும் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை எழுதியிருந்தார். ராசு அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. (அட்டையில் ஒரு மூலையைத் தின்றிருக்கிறான்.) அவனுக்குப் பல் முளைக்கிற நேரம். பகலில் அத்தை மடியில் மகாராஜா மாதிரி தூங்குவான், விளக்கு வைத்ததும் விழித்துக்கொள்வான்.

எனக்குப் புத்தி மழுங்கிக்கொண்டே வந்தது. ரசத்தில் சர்க்கரை போட்டேன். புடவையை மறுபக்கமாகக் கட்டிக்கொண்டு தேனி வரைக்கும் போய்வந்தேன். ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து தொட்டிலைப் பார்த்து வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிட்டு, யாரும் 'உள்ளேன்' சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.

என் கணவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்கே" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார். "ஒங்களுக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது" என்பேன். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு கொடிக்காலுக்குப் போய்விடுவார்.

பரீட்சைக்கு முதல் பாடம் சுகாதாரம். தலைப்பை நானே எடுத்துக்கொள்ளலாம். ஜீரண உறுப்புகளை எடுத்தால் பெரிய படம் வரைய வேண்டும். இரத்த ஓட்டத்துக்குச் சிவப்பு மையும் நீல மையும் வேண்டும். சண்டைக் காலத்தில் வெள்ளைக் காகிதத்துக்கே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தோம். தூக்கம் என்றால் ஒரு பாயும் தலையணையும் போதும். வகுப்பில் ஒரு பெண்ணைப் படுக்கவைத்து, சரியாகப் படுப்பது எப்படி என்று செய்து காட்டிவிடலாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையில் சின்னமனூர் பஸ்ஸில் நானும் அத்தையும் ராசுவும் ஒரு கோரைப்பாயும் போடி இலவம்பஞ்சுத் தலையணையும் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ் கரி வாயுவில்தான் ஓடும். பின்னால் ஒரு பெரிய பீப்பாய் புகைந்துகொண்டே வரும். மேடு வந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும், ஆம்பளைகள் இறங்கித் தள்ளுவார்கள். கண்டக்டர் என் பாயையும் தலையணையையும் பார்த்தார்.

"வீரபாண்டித் திருவிழாவுக்கு இன்னும் நாள் கெடக்கேம்மா. இப்பவே எடம்பிடிக்கப் போறீகளா?"

"பரிச்சைக்குப் போறோம்" என்றார் அத்தை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

கண்டக்டர் விசிலை ஊதினார்.

பரீட்சகர் அம்மாள் நல்ல உயரம். வெள்ளைப் புடவை, வட்டக் கண்ணாடி, கையில் மூடி திறந்த பேனா. கண்டிப்பானவர் என்று சென்னையிலேயே பேர். வெளியூர் அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார். கண் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆரம்பியுங்கள், மிஸஸ் கமலம்."

ஆரம்பித்தேன். அது முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு. சும்மா சொல்லக் கூடாது, பாடம் நன்றாகவே போனது. எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும், ஜன்னலை ஏன் திறந்துவைக்க வேண்டும், முகத்தை மூடிக்கொண்டு ஏன் தூங்கக் கூடாது என்று கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளிடமிருந்தே பதிலை வரவழைத்தேன். தூங்குகிறவர்களைப் படாரென்று தட்டி எழுப்பக் கூடாது, நெஞ்சு திடுக்கிட்டுப்போகும் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். பரீட்சகர் அம்மாளின் பேனா நிதானமாக ஓடியது.

செய்து காட்டும் கட்டம் வந்தது. பாயை விரித்தேன். பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டேன். கோம்பையிலிருந்து வந்து படிக்கும் பெண், வகுப்பிலேயே பெரிய வாயாடி. மரத்தில் ஏறு என்றால் ஏறுவாள். அன்றைக்கென்று பார்த்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"மாட்டேன் டீச்சர். அந்தம்மா பாக்காக."

இன்னொருத்தியைக் கூப்பிட்டேன். அவள் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். வகுப்பு முழுக்க 'களுக் களுக்' என்று சிரிப்பு. பேனா நின்றது. பாடம் கையைவிட்டுப் போகிறதே என்று பதறி, "சரி, நானே காட்டுகிறேன். எல்லாரும் அமைதியாகக் கவனியுங்கள்" என்றேன்.

புடவையை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு பாயில் படுத்தேன். "இப்படி வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கிக்கொள்ள வேண்டும். கண்களை மெல்ல மூடி, மூச்சைச் சீராக..."

மூச்சைச் சீராக என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. 'விட வேண்டும்' என்பதை நான் சொல்லவில்லை, செய்துகாட்டிவிட்டேன்.

இதற்கு மேல் நடந்தது எனக்கு நேரடியாகத் தெரியாது. ஆனால் நேரில் பார்த்த சாட்சிகள் ஏராளம், அவர்கள் ஊர் ஊராகச் சொல்லியும் விட்டார்கள்.

முதலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம். டீச்சர் தத்ரூபமாகச் செய்துகாட்டுகிறார் என்று பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். பரீட்சகர் அம்மாள்கூடத் தலையை ஆட்டி ஏதோ நல்லபடியாக எழுதினாராம். அப்புறம்தான் குறட்டை வந்தது. அது சன்னமான குறட்டைதான் என்று இன்றைக்கும் நான் சாதிப்பேன். 'கரிப்பஸ் மேட்டுல ஏறுன மாதிரி' என்பது பஞ்சவர்ணத்தின் வாக்குமூலம்.

"மிஸஸ் கமலம்?" என்று பரீட்சகர் அம்மாள் எழுந்து முன்னால் வந்தார். "மிஸஸ் கமலம்!"

பாயில் படுக்க வெட்கப்பட்ட பஞ்சவர்ணம் இப்போது எழுந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"எழுப்பக் கூடாதும்மா. படார்னு எழுப்புனா நெஞ்சு திடுக்குன்னு போயிரும். டீச்சர் இப்பத்தான் சொன்னாக."

"ஆமாம்மா, சொன்னாக" என்று வகுப்பு மொத்தமும் கிசுகிசுத்தது.

பரீட்சகர் அம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாராம். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "வேறு என்ன சொன்னார்கள்?"

கேள்வியும் கிசுகிசுப்பு, பதிலும் கிசுகிசுப்பு. சென்னை ராஜதானியிலேயே அப்படி ஒரு போதனைப் பரீட்சை நடந்திருக்காது. ஜன்னலைப் பற்றிச் சொன்னார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கக் கூடாது என்றார்கள். ஒன்று விடாமல் சொன்னார்கள்.

"பெரியவர்கள் எவ்வளவு நேரம் தூங்க வேண்டும்?"

"ஏழு எட்டு மணி நேரம்மா."

"உங்கள் டீச்சர் அவ்வளவு நேரம் தூங்குகிறார்களா?"

பஞ்சவர்ணம்தான் மெல்லச் சொன்னாள்: "டீச்சருக்குக் கைப்பிள்ளை இருக்கும்மா. வெளிய வேப்பமரத்தடியில கெடக்கான்."

அதுவரைக்கும் பரீட்சகர் அம்மாளுக்கு அது தெரியாது. பேனாவை மூடினாராம்.

சரியாக அந்த நேரத்தில் இடைவேளை மணி அடித்தது. பசியில் கத்திக்கொண்டிருந்த ராசுவைத் தூக்கிக்கொண்டு அத்தை வகுப்பு வாசலுக்கு வந்தார். அவர் கண்ணில் பட்ட காட்சியை நீங்களே எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு பாய். பாயில் மருமகள், கண் மூடிக் கிடக்கிறாள். சுற்றிலும் முப்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். தலைமாட்டில் வெள்ளைப் புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் ஊரில் இந்தக் காட்சிக்கு ஒரே அர்த்தம்தான்.

"அய்யோ, எம் மருமகளே!" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எங்குடி வெளங்க வந்தவளே! ஏழூரு தேடுனாலும் கெடைக்காத மகராசியே! பி.ஏ. படிச்ச பெட்டகமே! ராத்திரியெல்லாம் வெளக்கெரிஞ்சிச்சே, நான் வாசப்படியில நின்னு பாத்தேனே! ரோசத்துல பிள்ளைய வாங்காமப் போனேனே!"

உயிரோடு இருக்கும்போது ஒருநாளும் காதில் விழாத புகழ்ச்சி. அதைக்கூட முழுசாகக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்தேன்.

"உஸ்ஸ்ஸ்!" என்றது வகுப்பு.

"சத்தம் போடாதீக! டீச்சர் ஒறங்குறாக!" என்றாள் பஞ்சவர்ணம்.

ஒப்பாரி பாதியில் நின்றது. அத்தை குனிந்து என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். அதற்கு அவசியமே இல்லை, குறட்டை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. போன உயிர் திரும்பி வந்ததும் கூடவே கோபமும் வந்தது. ராசுவைத் தரையில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, பச்சைப் பிள்ளைக்காரிய இப்பிடியா வேலை வாங்குவீக? படிச்சவுகதான நீங்க?"

"நானா வேலை வாங்கினேன்?" என்று பரீட்சகர் அம்மாளும் எழுந்துவிட்டார். "வீட்டில் இத்தனை பேர் இருந்துகொண்டு இவளைத் தூங்க விடாமல் செய்தது யார்?"

"நாங் கேட்டேம்மா! எம்பிள்ளை, நானே பாத்துக்கிறேன்னு இவதான் சொன்னா!"

"சொன்னால்? விட்டுவிடுவதா?"

எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் நான் நிம்மதியாக. ராசுவுக்கு இந்த வாதமெல்லாம் சம்மதமில்லை. தவழ்ந்து வந்து பாயில் ஏறி, என் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

இங்கேதான் எனக்கு மறுபடியும் ஞாபகம் தொடங்குகிறது. ராசுவின் கை, காதில் ஏதோ இரைச்சல், அடுப்பில் சோறு பொங்குகிற சத்தம் மாதிரி. நான் வீட்டில் இருக்கிறேன் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தேன். மேலே குனிந்த முகத்தைப் பார்த்து, மனசார, குழைந்த குரலில் சொன்னேன்:

"அத்தை, உலை பொங்குது. கொஞ்சம் எறக்கிருங்களேன்."

அந்த முகத்தில் வட்டக் கண்ணாடி இருந்தது.

"ஏத்தா, அத்தை நான் இங்கனல்ல நிக்கிறேன்!" என்று இன்னொரு பக்கத்திலிருந்து குரல் வந்தது.

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று சொல்வார்கள். பூமிக்குக்கூட அன்றைக்கு என்னை விழுங்க வெட்கமாக இருந்திருக்கும். எழுந்து உட்கார்ந்தேன். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் கோரைப்பாயின் வரி அச்சுப் பதிந்திருந்தது. தெரிந்துபோயிற்று: பரீட்சை போச்சு, எல்.டி. போச்சு, எல்லாம் போச்சு. ராசுவை மடியில் இழுத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

பரீட்சகர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உலை இறக்கியாச்சு. முதலில் பிள்ளைக்குப் பால் கொடு" என்றார். 'மிஸஸ் கமலம்' காணாமல் போய், 'கொடு' வந்துவிட்டிருந்தது.

அத்தைதான் பயந்து பயந்து கேட்டார். "பரிச்சையில பெயிலாம்மா?"

"பாடம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் நான் பார்க்க வேண்டும். சேர்ந்திருக்கிறது. என்னையே பேசவிடவில்லை, அவ்வளவு தூரம் சேர்ந்திருக்கிறது. செய்துகாட்டியதுதான் கொஞ்சம் அதிகம்." சிரிக்கிறாரா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. "நாளைக்கு இரண்டாவது பாடம். அதில்தான் முடிவு. காலையில் வேண்டாம், மத்தியானம் வைத்துக்கொள்கிறேன். இன்று இராத்திரி இவள் தூங்கியாக வேண்டும். இது என் உத்தரவு."

"சர்க்கார் உத்தரவாம்மா?"

பரீட்சகர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்."

அத்தை என் மடியிலிருந்து ராசுவைத் தூக்கிக்கொண்டார். என் சம்மதத்தைக் கேட்கவில்லை. சர்க்கார் உத்தரவுக்கு எதற்குச் சம்மதம்?

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். "என்னம்மா, திருவிழா முடிஞ்சிருச்சா?" என்றார். "முடிஞ்சிச்சப்பா. சாமியத்தான் எழுப்ப முடியல" என்றார் அத்தை. அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் உத்தமபாளையத்துக்காரர் ஒருவரின் கருப்பட்டி மூட்டை மேல் சாய்ந்து தூங்கினேன்.

வீட்டில் அத்தை உத்தரவை அறிவித்தார். என் கணவர் காரணம்கூடக் கேட்கவில்லை. கையை நீட்டினார். இந்தத் தடவை பிள்ளை வந்து சேர்ந்தான். வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு குளிர்ச்சியில் நடந்தாராம். என்ன பேசினாரோ தெரியாது, எங்கள் யாரிடமும் பேசாத மனிதர் ராசுவிடம் பேசிக்கொண்டே நடந்தார் என்று கொடிக்காலில் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பாலுக்கு மட்டும் பிள்ளை என்னிடம் வருவான், போவான். மேகமலை மேல் வெயில் ஏறியபிறகுதான் நான் எழுந்தேன். இரண்டு கண்ணும் திறந்திருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று மத்தியானம் பூகோளம். எங்கள் பள்ளத்தாக்கின் ஆறுகள். முல்லையாறு எங்கிருந்து வருகிறது, சுருளி எங்கே சேருகிறது, தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு எப்படி நம் வயலுக்கு வருகிறது என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கரும்பலகைக்கு ஓடி வந்து கோடு போட்டார்கள். எனக்கே என் குரல் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறைதான்.

"இன்னைக்குப் பாய் இல்லையா டீச்சர்?" என்றாள் பஞ்சவர்ணம், ஏமாற்றத்தோடு.

பாய் இருந்தது. தேவைப்பட்டாலும் படும் என்று அத்தை யாரிடமும் சொல்லாமல் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் வைத்திருந்தார். பாடம் முடிந்து விடைபெற வந்த பரீட்சகர் அம்மாள் அதைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டார்:

"பங்களாவில் மூட்டைப்பூச்சி. இரண்டு நாளாகக் கண்ணே மூடவில்லை. மதுரை பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. நான் கொஞ்சம் இதில்..."

அத்தை பாயை உதறி விரித்தார். தலையணையைத் தட்டிப் போட்டார். பரீட்சகர் அம்மாள் வலது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலைச் சற்றே மடக்கிப் படுத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் பாரம் மொத்தமும் நுனிக்காலில் நடந்து போனது. பஸ் புகைந்துகொண்டு வந்தபோது அத்தைதான் அவர் தோளைப் பூப்போல வருடி எழுப்பினார். "எந்திரிங்கம்மா, மெதுவா. அவசரமில்ல. டிரைவர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

நான் தேறினேன். எழுத்துப் பரீட்சையும் எழுதினேன், ராசு அவன் அப்பாவின் துண்டைக் கடித்துக்கொண்டிருக்க, அத்தை சர்க்கார் உத்தரவைக் காவல்காக்க. ஆசிரியையாகி, இன்னும் இரண்டு பிள்ளை பெற்று, கடைசியில் தலைமையாசிரியையாகவும் ஆனேன். கைப்பிள்ளையோடு யாராவது ஆசிரியை என் பள்ளியில் சேர்ந்தால் அலுவலக அறையில் ஒரு பாய் போட்டு வைப்பேன். அத்தை இருந்தவரைக்கும் வீட்டில் யார் முகம் வாடினாலும், பிள்ளையையோ கரண்டியையோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு "உலை எறக்கியாச்சு, போ" என்பார். அது எங்கள் குடும்பத்து வழக்காகவே ஆகிவிட்டது. போய்ப் படு, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

போன மாசம் ராசுவும் மருமகளும் வந்திருந்தார்கள். கோயமுத்தூர்ப் பெண். எம்.ஏ. படித்துக்கொண்டிருக்கிறாள், கையில் நாலு மாதக் குழந்தை. வந்த அன்று பிள்ளையை இடுப்பிலும் புத்தகத்தைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு நின்றவளிடமிருந்து ராசு குழந்தையை வாங்கிக்கொண்டு சொன்னான்:

"உலை எறக்கியாச்சு. நீ போ."

அவள் திருதிருவென்று விழித்தாள். "நான் உலையே வைக்கலீங்களே!" என்று சமையற்கட்டுக்கு ஓடி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. என் கணவர், அறுபதை நெருங்குகிறவர், ஒன்றும் பேசாமல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்கால் பக்கம் போய்விட்டார்.

பிறகென்ன, மருமகளை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சண்டை, பட்டணம், கரிப்பஸ், கண்டக்டர் என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டே வந்து, தலையணையைத் தட்டிப் போட்ட இடத்தில் திரும்பிப் பார்த்தால், சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

மிச்சக் கதை அவளுக்கு இன்னும் தெரியாது. அதற்காகத்தான் எழுதிவைக்கிறேன். நன்றாகத் தூங்கி எழுந்து, நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும்.